பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. என் வலது கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மயிலாப்பூர் குளத்தருகே பேருந்துக்கு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு குழந்தை அம்மாவின் பையிலிருந்து வெண்டைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, முனையை முகர்ந்து பார்த்து, திரும்ப வைக்கிறது. என் விரல்கள் இல்லாத பேனாவைத் தேடுகின்றன. தி.நகரில் ஜவுளிக்கடை வாசற்படியில் ஒரு பையன் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறான். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன். வாங்க வந்ததை மறந்து வீட்டுக்குத் திரும்புகிறேன். இராத்தூக்கம் பரவாயில்லை. பகலில்தான் உட்கார முடியவில்லை.

சென்ற மாதம் பிரியா வந்திருந்தாள். நான் விட்டு வந்த வகுப்பை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். காப்பியைக் கையில் வாங்கிய உடனேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நோட்டை எடுத்துட்டாங்க. இனிமே எல்லாம் போன்லதான். குழந்தை பேர் மேல தட்டினா மூணு நிறம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒண்ணைத் தொட்டா முடிஞ்சுது."

"ராமர் பச்சை, கிளிப்பச்சைன்னு பிரிச்சு வச்சிருக்காங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கும் வேலை சீக்கிரம் முடியுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த நோட்டு எதுக்கு இருந்துச்சுன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க எழுதிக் குடுங்களேன்."

அதனால் எழுதுகிறேன். போனைக் குறை சொல்ல அல்ல. நானும் பச்சையைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்காக.

ஆசிரியர் பயிற்சி இரண்டு வருடம். கரும்பலகையில் கோடு கோணாமல் எழுத அங்கே கற்றுக்கொண்டேன். எழுதும்போது முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அதன்பின் தி.நகரில் ஒரு பெரிய பள்ளியில் ஒன்பது வருடம். வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். மேசையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும், அதைக் கோடு போட ஒருநாளும் நான் எடுத்ததில்லை. இவ்வளவுதான் என் முதல் பாதி. இதைச் சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம் வெட்கம்.

பிறகுதான் இந்தச் சின்னப் பள்ளி. அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் ஓடு வேய்ந்த நான்கு அறைகள், ஒரு புங்கமரம், அறுபது பிள்ளைகள். பாதிப்பேர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள், மீதிப்பேர் ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து வருபவர்கள். குப்பத்தார் தங்கள் குப்பத்தை ஊர் என்றுதான் சொல்வார்கள். "ஊருக்குள்ள கீற ஸ்கூலு" என்றால் அது நாங்கள்தான். மதில் தாண்டினால் மாநகரம். ஆனால் எங்கள் பள்ளி ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி அளவுதான். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று பதினொரு மணிக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் தலைமையாசிரியை வசந்தா அக்கா. மயிலாப்பூர்க்காரர். பள்ளியில் எல்லோருமே அக்கா, அண்ணாதான். மேடம், சார் கிடையாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தயிர்சாதத்தைக்கூட ஜன்னலோரம் நின்றபடி சாப்பிடுவார். நாம் பேசும்போது ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். முனை கூராகிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதனால் பேச வேண்டியதை முதலிலேயே பேசப் பழகிக்கொண்டோம்.

நான் சேர்ந்த முதல் நாள் ஒரு பையன் மை கலந்த தண்ணீரைப் பேசினோடு கவிழ்த்துவிட்டான். என் கை எழும்பியது. எழும்பி, பாதியில், எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. வசந்தா அக்கா பார்த்துவிட்டார். உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார்.

"இடது கைல நோட்டு. வலது கைல பேனா. ரெண்டு கையும் ரொம்பியாச்சா?"

"ஆச்சுக்கா."

"நன்னாருக்கு. இப்போ சித்த நேரம் சும்மா நில்லு."

அந்தப் பையன் தானே போய்த் துணி எடுத்துவந்து துடைத்தான். துடைத்துக்கொண்டே, துணியில் ஏறிய நீலத்தைப் பிழிந்து பிழிந்து, இன்னொரு பாத்திரத்தில் சேர்த்தான். அதை நான் எழுதினேன். பள்ளியில் என் முதல் வரி அது.

முறை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரத்தகடு உண்டு. அதில் அவரவர் தேர்ந்தெடுத்த ஒரு படம்: காக்கை, சைக்கிள், குடை. காலையில் வந்ததும் சுவரில் வரிசையாக இருக்கும் கொக்கிகளில், அன்றைக்குச் செய்ய விரும்பும் வேலைக்குரிய கொக்கியில் தகட்டை மாட்ட வேண்டும். மணல் எழுத்து, தராசு, வாசிப்பு மூலை, துணி தைத்தல். பிறகு பாயை விரித்து வேலையைத் தொடங்கலாம். யாரும் யாரையும் இழுப்பதில்லை. நண்பகல் வரை வெளியாள் யாரும் அறைக்குள் வரக் கூடாது, பெற்றோரும்கூட. ஆசிரியை சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதுவாள்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்போம். இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் நினைத்தது. நாலு மணிக்கு வசந்தா அக்கா அந்தக் கூரான பென்சிலோடு எல்லா நோட்டையும் வாசிப்பார்.

"'சந்தோஷமா இருந்தான்'னு எழுதிருக்கே. சந்தோஷத்தை எங்கே பாத்தே?"

"சிரிச்சான்கா."

"அப்போ சிரிச்சான்னு எழுது. சந்தோஷத்தை அந்தப் பக்கம் தள்ளு. அது ஒன்னோடது, அவனோடது இல்லே."

இப்படி ஒரு வருடம் அடிவாங்கினேன், பென்சிலால். இரண்டாம் வருடம் என் இடது பக்கம் சுத்தமாகிவிட்டது. அதில் எனக்குக் கர்வமும் வந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அமுதா எங்களிடம் நாலு வயதில் வந்தாள். ஆற்றோரத்துப் பெண். அவள் அம்மா கஸ்தூரி, பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்குகிறவர்களுக்குச் சுத்தம் செய்து வெட்டித் தருபவள். அப்பா சுமை ஆட்டோ ஓட்டி எங்கெங்கோ போய்வருபவர். அமுதாவின் தகட்டில் நண்டு. ஏன் நண்டு என்று கேட்டதற்கு, "அது எங்க போவுதுன்னு யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள்.

ஏழு முடிந்து எட்டு நடக்கையில் எழுத்துகள் அவளிடம் திடீரென்று வந்துவிட்டன. ஒரு வாரத்தில் என்று சொல்வேன். காய்ச்சல் மாதிரி. கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். அந்த நாட்களில்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: தெரு வாசிப்பு. வியாழக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கைகோத்து அழைத்துக்கொண்டு சாந்தோம் பக்கம் நடப்பேன். பலகை, சுவர், ஆட்டோவின் முதுகு, எது கிடைத்தாலும் வாசிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டப்படும். ஐஸ் கிடைக்கும். மாவு அரைத்துத் தரப்படும்.

"இங்கே குப்பை கொட்டாதீர்" என்று வாசித்துவிட்டு, அதன் அடியில் குவிந்திருந்ததை அமுதா பார்த்தாள். "அக்கா, இந்தக் குப்பைக்குப் படிக்கத் தெரியாதா?"

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி முடித்தாள். "அவுரு நல்லா சிரிச்சிக்கினுதான் கீறாரு. எதுக்கு கண்ணீருன்னு போட்டுக்கீறாங்க?"

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் கிடையாது. நான் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன், அதுவும் வசந்தா அக்காவிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கி: வீட்டுக்குப் போய், வீட்டில் இருக்கிற பெரியவர் யாருக்காவது ஏதாவது ஒன்றை வாசித்துக் காட்டு. அவ்வளவுதான். அது என் சொந்தச் சரக்கு. இன்னொரு பள்ளியிலிருந்து வந்து பார்த்தவர்களிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழன், அமுதா பத்தொன்பது பலகைகளை வாசித்தாள். எண்ணி எழுதினேன். மறுநாள் வெள்ளி. வந்தாள், நண்டுத் தகட்டைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள், கிளிஞ்சல் கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டில் ஒரு பெரிய கிளிஞ்சல், மறு தட்டில் பொடிக் கிளிஞ்சல்கள். சமமானதும் கவிழ்த்துவிட்டு மறுபடியும்.

திங்கள், தராசு. செவ்வாய், தராசு. அடுத்த வியாழன் தெருவுக்குப் புறப்பட்டபோது வயிறு வலிக்கிறது என்றாள். நண்டு அந்தக் கொக்கியை விட்டு நகரவில்லை. செப்டம்பர், அக்டோபர். மழை வந்தது, முகத்துவாரத்தில் தண்ணீர் நிறம் மாறியது, தீபாவளி போனது. தராசு.

என் வலது பக்கத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "வாசிப்பு அலை ஓய்ந்து எடை, அளவு அலை தொடங்கியிருக்கிறது. இயல்பு. குறுக்கிட வேண்டாம்." குழந்தைகள் அலை அலையாகக் கற்கிறார்கள், ஒன்று தணிந்தால் ஒன்று எழும் என்பது எங்கள் நம்பிக்கை. அது உண்மையும்கூட. பெரிய பள்ளியில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் அவளை இழுத்து உட்கார வைத்து, என்ன ஆயிற்று என்று உலுக்கியிருப்பேன். இங்கே காத்திருந்தேன். எங்களுக்குக் காத்திருப்பது ஓர் ஒழுக்கம். சோம்பலுக்கும் அதே சட்டை அளவெடுத்தாற்போல் பொருந்தும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பொங்கல் கழிந்து ஒரு காலை, கஸ்தூரி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா டீச்சர், எம்பொண்ணு இன்னா படிக்குது?"

"எடை, அளவெல்லாம் பண்றா கஸ்தூரி. ரொம்பக் கவனமா..."

"கிளிஞ்சல எடை போடுறா. தெரியும். அத்த நானே கத்துக் குடுப்பேனே, எங்க மார்க்கெட்டாண்ட. அதுக்கா ஸ்கூலு?" சிரிக்காமல் சொன்னாள். "மூணு வாரத்துல ஊட்ட காலி பண்றோம். தூரமா ஊடு குடுக்கறாங்க. அங்க கீற ஸ்கூல்ல புஸ்தகத்த நீட்டி படினு சொல்வாங்களாம். படிக்கலன்னா ஒண்ணாங்கிளாஸ்ல குந்த வப்பாங்களாம். எட்டு வயசுப் பொண்ணு, மூக்கு ஒழுகுற பசங்களோட குந்துமா? குந்தாது. ஊட்ல நின்னுக்கும். அப்பறம் என் கூட வந்து செதில் தேய்க்கும்."

"படிப்பா கஸ்தூரி. அவளுக்கு நேரம் வரும்போது..."

"எப்போ? லாரி வந்தப்பறமா?"

நேராக வசந்தா அக்காவிடம் போனேன். பென்சில் சீவத் தொடங்கினார்.

"மூணு வாரம் குடுங்கக்கா. தினம் ஒரு மணி நேரம் உட்கார வச்சு சொல்லித்தரேன். கொக்கி, தகடு எல்லாம் அவளுக்கு மட்டும் வேண்டாம். இல்லேன்னா அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்தையே விட்டுடும்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா?"

"ஆறு மாசமா ஒரு வார்த்தை படிக்கலையே!"

"சாப்பிடாம இருக்கறவாளுக்கெல்லாம் சாப்பிடத் தெரியாதா?" சுருள் தரையில் விழுந்தது. "ஆறு மாச நோட்டையும் ஆத்துக்கு எடுத்துண்டு போ. பாத்தது பக்கத்தை மட்டும் படி. நெனச்சதைக் கையால மூடிக்கோ."

முனை கூராகிவிட்டது.

சனிக்கிழமை, ராயப்பேட்டையில் என் வீட்டு மேசை. ஒரு புடவைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து வலது பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டேன். கீழே கறிக்கடையில் கோழி கத்தியது, யாரோ யாரையோ மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்தேன்.

செப்டம்பர்: "திவ்யா சத்தமாக வாசிக்கிறாள். அமுதா தராசைத் தூக்கிக்கொண்டு போய் வாசிப்பு மூலையருகே பாய் விரிக்கிறாள். முதுகு திவ்யாவைப் பார்த்தபடி."

அக்டோபர்: "திவ்யா ஒரு சொல்லில் நிற்கிறாள். அமுதாவின் கை கிளிஞ்சலோடு அந்தரத்தில் நிற்கிறது. திவ்யா சொல்லை முடிக்கிறாள். கிளிஞ்சல் தட்டில் விழுகிறது."

நவம்பர்: "திவ்யா ஒரு வரியை விட்டுவிட்டு வாசிக்கிறாள். அமுதா திரும்பிப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. சத்தம் இல்லை. வாசலைப் பார்க்கிறாள்."

எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் நான் பார்த்தது. ஆறு மாதமாக என் கண் எழுதிக்கொண்டிருந்ததை நான் வாசிக்கவில்லை. அட்டைக்கு அடியில் இருந்த அலையையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் இருக்க முடியவில்லை. அறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படிக்காமல் இருக்கத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறாள். வியாழன் மாலைக்கும் வெள்ளி காலைக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் நான் அனுப்பிய ஒரே பொருள் என் வீட்டுப்பாடம்.

ஞாயிறு காலை பட்டினப்பாக்கம். கஸ்தூரி அரிவாள்மனையில் குந்தியிருந்தாள். முழங்கை வரை செதில் மின்னியது.

"இன்னா டீச்சர், வஞ்சரமா, நெத்திலியா? நின்னு பாத்துக்கினே கீறியே, மீன் உன்கூட பேசப் போவுதா?"

"மீன் வாங்க வரல கஸ்தூரி. ஆகஸ்டு மாசம், வீட்டுல அமுதா ஏதாவது படிச்சுக் காட்டினாளா? ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்."

"எனக்கு நேத்து வச்ச கொழம்பே ஞாபகம் இல்ல." ஒரு சங்கரா மீனின் வயிற்றைக் கீறினாள். "படிச்சுக் காட்டுனாளா... ஆங், அந்த நோட்டீஸு. கொழாயாண்ட செவுத்துல ஒட்டினு போயிருந்தாங்க. நாங்கள்ளாம் கொடத்த வச்சிக்கினு நிக்கறோம். இது ஓடியாந்து, யம்மா நான் படிக்கட்டா நான் படிக்கட்டான்னு. படின்னேன். இந்த எடத்துல கீறவங்க எல்லாம் காலி பண்ணணும்னு போட்டுக்குதுன்னு சொல்லுது. எல்லார் எதுருலயும். ஒழுங்கா படிடின்னு ஒண்ணு வச்சேன்."

அவள் கை நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மறுபடி படிச்சுது. அதையேதான் சொல்லுச்சு. இன்னொண்ணு வச்சேன். மூணாவது தபா..." மீனைப் பார்த்தபடி பேசினாள். "மூணாவது தபா, நாளிக்கி தண்ணி லாரி வரும்னு போட்டுக்குதும்மா, அப்டின்னுச்சு. பாத்தியா, இப்ப சரியா படிக்கறான்னு நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோசம். விடியக்காலைல கொடம் வரிசையா வச்சோம். தண்ணி வரல. படிச்ச லட்சணத்தப் பாருன்னு எல்லாரும் அத்த பாத்து சிரிச்சாங்க. அப்பறம் காலேஜ் போற பொண்ணு ஒண்ணு வந்து படிச்சு சொல்லிச்சு. காலி பண்ணச் சொல்லித்தான் போட்டிருந்துச்சு."

"யம்மா, என் சங்கராவ வெட்டப்போறியா, கத பேசிக்கினு கீறியா?" என்றார் முன்னால் நின்றவர்.

"இரு நைனா. மீனு எங்கியும் ஓடிடாது."

கஸ்தூரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். செதிலும் ரத்தமும்.

"சரியா படிச்சதுக்குத்தான் அடிச்சுக்கீறேன், இல்ல டீச்சர்? தப்பா படிச்சதுக்கு கொஞ்சியிருக்கேன்."

அவள் கண்ணைப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை? மர ஸ்கேல் ஞாபகம் வந்தது. "நானும் அடிச்சிருக்கேன் கஸ்தூரி. ஒன்பது வருஷம். அதுவே வேலையா. அன்னிக்கு வீட்டுல படிச்சுக் காட்டுன்னு அனுப்பினதும் நான்தான். கேட்கறதுக்கு அங்க யார் இருக்காங்க, என்ன நிலைமைல இருக்காங்கன்னு யோசிக்கல."

"இப்ப இன்னா பண்ணணும்? அத்த சொல்லு."

"நீதான் படிக்கச் சொல்லணும். நான் சொன்னா ஆகாது."

புதன்கிழமை பத்து மணிக்குக் கஸ்தூரி வந்தாள். குளித்து, துவைத்த புடவை கட்டி, சோப்பு வாசனைக்கு அடியில் மீன் வாசனையோடு. கையில் மடித்த ஒரு காகிதம்: புது வீடு ஒதுக்கிய சீட்டு. வசந்தா அக்கா வாசலில் நின்றார். "பன்னெண்டு மணிக்கு முன்னால யாரும் உள்ளே..." என்று ஆரம்பித்தவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விலகி நின்றார். ஏற்கனவே கூராயிருந்த பென்சிலை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினார்.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இடது கையில் நோட்டு, வலது கையில் பேனா.

கஸ்தூரி மகளின் பாயோரம் தரையில் குந்தினாள். சீட்டைத் தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"அமுதா, இத்தப் படிச்சு சொல்லு. நாம எங்க போறோம்னு எனக்குத் தெரியணும்."

அமுதா ஒரு பொடிக் கிளிஞ்சலை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னா போட்டுக்குதோ அத்த அப்டியே சொல்லு. நல்லதா இருந்தாலும் சரி. கெட்டதா இருந்தாலும் சரி."

இன்னொரு கிளிஞ்சல். தட்டு இறங்கியது. அறையில் மற்ற பிள்ளைகள் அவரவர் வேலையில் இருந்தார்கள், அல்லது இருப்பதுபோல் இருந்தார்கள். கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அமர்ந்துகொண்டாள்.

அமுதா அதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"குடும்பத் தலைவி... கஸ்தூரி."

நிறுத்தி, பார்த்தாள். கைகள் அடியில்தான் இருந்தன.

"உறுப்பினர்கள்... மூன்று." பார்த்தாள். "தளம்... நான்கு."

"நாலாவது மாடியா?" கஸ்தூரியின் குரல் தன்னையறியாமல் ஏறிவிட்டது. அமுதாவின் தோள் சுருங்கியது, வாய் மூடிக்கொண்டது. பேனா என் விரலில் வழுக்கியது. எழுந்து ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டும் போல் இருந்தது.

கஸ்தூரி கைகளை இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டாள். "நாலுதான். நாலுன்னுதானே போட்டுக்குது. நீ சரியாத்தான் சொல்ற. மேல படி."

கதவு எண்ணைப் படித்தாள். மீட்டரைப் பற்றி ஏதோ இருந்ததைப் படித்தாள். புரியாத நீளமான சொல் ஒன்றை மூன்றாகப் பிட்டுப் படித்தாள். கடைசி வரி முடிந்ததும் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தாள்.

"அவ்ளோதாம்மா." பிறகு மெல்ல, "தண்ணி வரும்னு இதுல போடல."

கஸ்தூரி சிரித்தாள். சிரிப்பு என்று நான் எழுதினேன். கன்னத்தில் நீர் இறங்கியதையும் எழுதினேன். "போடலன்னா போடலதான்" என்றாள். எழுந்தபோது அவள் விரல்கள் வெளுத்து, பாயின் கோரை வரிகள் பதிந்திருந்தன.

இரண்டு வாரம் கழித்து லாரி வந்தது. புதுப் பள்ளியில் அவளை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டதாகக் கஸ்தூரி வந்து சொன்னாள். மீன் வெட்ட இரண்டு பேருந்து மாறி வருகிறாள் இப்போது. என் வீட்டுப்பாடத்தை நான் நிறுத்தவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை நடந்துபோய்விட்டு வந்தேன், ஒவ்வொரு வீட்டுக்கும், ஓய்வு பெறும்வரை.

சீட்டு வாசித்த அன்றைக்கு நாலு மணிக்கு வசந்தா அக்கா என் நோட்டை வாங்கினார். இடது பக்கத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தேன்: "பதினோரு வரி வாசித்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அம்மாவின் கை இருந்த இடத்தைப் பார்த்தாள்."

பென்சில் அந்த வரிக்கு மேல் நின்றது. கீழே இறங்கவில்லை.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே எழுதலையே."

"எழுத வரலக்கா."

எனக்கு நேரே நோட்டை நீட்டினார். "அப்போ விட்டுடு" என்றார்.

ஓய்வு பெறும்போது நான் கேட்டு வாங்கி வந்தது அந்த ஒரு நோட்டுதான். பிரியா, இப்போது அது என் முன்னால் திறந்திருக்கிறது. பதினோரு வரி, பதினோரு பார்வை. அமுதா படித்துவிட்டாள் என்று எழுதலாமா? பயம் போகவில்லை என்று எழுதலாமா? பேனாவைத் திறக்கிறேன். வலது பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. பேனாவை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கஸ்தூரியைப் பார்க்கப் பட்டினப்பாக்கம் பக்கம் நடக்கப் போகிறேன்.